பிரேக்கை மிதிக்க ஓர் ஆள்

குப்பண்ணனுக்கு எந்த வேலைக்கும் இன்னொருவர் தயவு பிடிக்காது. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி உள்ளே போகிற மண் ரோட்டில், தென்னந்தோப்புக்கு நடுவே அவருடைய தோட்டத்து வீடு, அந்தப் பக்கத்துப் பேச்சில் சாளை. மோட்டார் பழுதானாலும் டிராக்டர் மக்கர் பண்ணினாலும் அவரே கழற்றுவார், அவரே மாட்டுவார், கையில் கீறிக்கொண்டால் அவரே துணியைக் கிழித்துக் கட்டிக்கொள்வார். அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு அன்று காலையில் வண்டிக்குள் உட்கார ஓர் ஆள் தேவைப்பட்டது. வீட்டில் அவரைத் தவிர இருந்த ஒரே ஆள் அவர் பெண்டாட்டி மருதாத்தாள். அவள் அவரோடு பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது.

பேச்சு இல்லை என்றால் தகவலே இல்லை என்று அர்த்தமில்லை. எல்லாம் எருமை வழியாகப் போகும். மழை வர்ற மாதிரி இருக்குது, காயற தேங்காயை எடுத்து வெக்கோணும் என்று இவர் தொழுவத்தைப் பார்த்துச் சொல்வார். சோறு ஆறிப்போகுது என்று அவளும் தொழுவத்தைப் பார்த்தே சொல்வாள். எருமை இருவருக்கும் பொதுவாக அசைபோட்டுக்கொண்டிருக்கும். தட்டை வைத்துவிட்டு அவள் வெளியே போய்விடுவாள். டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு இவர் சாப்பிடுவார். என்ன ஓடுகிறது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

காரணம் மகள்தான். தமிழ்ப்ரியா தன்னோடு வேலை பார்த்த ஏலப்பாறைக்காரன் ஜிபியைக் கட்டிக்கொண்டாள். பையன் குணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது, ஆனால் சாதி வேறு, சாமி வேறு. இந்த வீட்டிலிருந்து யாரும் அவள் வாசலை மிதிக்கக் கூடாது என்று நாலு பேர் முன்னால் குப்பண்ணன் சொல்லிவிட்டார். மருதாத்தாள் அதைக் கேட்டாள், அவர் முன்னால் இருந்த காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், அதோடு சரி. அழுது சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பார். வாயை மூடிக்கொண்டவளை என்ன செய்வது?

மாதத்துக்கு ஒரு முறை, உடுமலை அக்கா ஊட்டுக்குப் போறேன் என்று எருமையிடம் சொல்லிவிட்டுப் பையோடு கிளம்பிவிடுவாள். திரும்பி வர இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நாட்களில் குப்பண்ணன் தன் பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு தோப்பைச் சுற்றி வருவார். சின்னக்கானலில் எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன ஒருவரிடம் வாங்கிய பழைய ஜப்பான் வண்டி அது. தோல் சீட்டு, திறக்கிற கூரை, எந்தக் காட்டு மேட்டிலும் ஏறுகிற நாலு சக்கர இழுவை. ஏழு பேர் உட்காரலாம். ஏழில் ஆறு சீட்டு காலியாகக் கிடக்க, ஒற்றை ஆளாக ஓட்டிப்போய் ஒற்றை ஆளாகத் திரும்புவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது தமிழ்ப்ரியா அந்தக் கூரை வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு வருவாள். அவள் போன பிறகு அவர் கூரையைத் திறக்கவில்லை.

போன மாதம் மருதாத்தாள் உடுமலைக்குப் போயிருந்தபோது அவருக்குக் காய்ச்சல் அடித்தது. வெந்நீர் வைத்துத் தர நாதியில்லை. போர்வைக்குள் கிடந்து மகளின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார். அமுக்கத் துணிச்சல் வரவில்லை. போனில் பேச முடியாது, நேரில் போய் வாசலில் நின்றுவிடுவோம், அவள் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தார். மருதாத்தாளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். காய்ச்சல் இறங்கியும் அந்த நினைப்பு இறங்கவில்லை.

ஆனால் வண்டி மலை ஏற வேண்டுமே. ஆழியார் பக்கம் மேட்டில் ஏற்றிப் பார்த்தார். ஆட்டோமேட்டிக் கியர் மாறுகிறபோதெல்லாம் பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி குலுக்கியது. இந்த லட்சணத்தில் குமுளி மலையேறி ஏலப்பாறை போய்ச் சேர முடியாது. இந்த மாதிரி கியர்பாக்ஸுக்கு ஆயுள் முழுக்க எண்ணெய் மாற்ற வேண்டாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. யாருடைய ஆயுள் என்று அவர்கள் சொல்வதில்லை.

எண்ணெயும் ஃபில்டரும் வாங்கி வந்தார். தோப்பில் அவரே வெட்டி, பலகைக்கல் பதித்து வைத்திருந்த குழியின் மேல் வண்டியை மட்டமாக நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார். முதலில் பக்கவாட்டில் எண்ணெய் ஊற்றுகிற துளையின் நட்டைத் தளர்த்திப் பார்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் அடிநட்டைக் கழற்றிப் பழைய எண்ணெயை இறக்கினார். முதல் தடவை செய்தபோது அவசரப்பட்டு எல்லாவற்றையும் இறக்கிவிட்டார். ஊற்றுகிற நட்டு துருப்பிடித்து அசையவே மாட்டேன் என்றது. வண்டி வாரக்கணக்கில் குழி மேலேயே கிடந்தது. திரும்ப நிரப்ப வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காலி பண்ண வேண்டும் என்று அன்று புத்தி வந்தது. வண்டி விஷயத்தில் வந்த புத்தி மகள் விஷயத்தில் வராமல் போனதே என்று குழிக்குள் குனிந்து நின்றபடி அவர் நொந்துகொண்டார்.

பழைய எண்ணெய் கஷாயம் போலக் கறுத்து, தீய்ந்த வாடையோடு இறங்கியது. கியர்பாக்ஸின் அடியிலிருந்த எண்ணெய்த் தட்டைக் கழற்றித் துடைத்து, ஃபில்டர் மாற்றி, கைப்பம்பால் புது எண்ணெயை ஏற்றினார். நன்னாரி சர்பத் மாதிரி சிவப்பாக இருந்தது. இதுவரை ஒற்றை ஆள் வேலை. இனிமேல்தான் சிக்கல். இந்த வண்டியில் எண்ணெய் அளவைக் குச்சி விட்டுப் பார்க்க முடியாது. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராகப் போட்டு எடுக்க வேண்டும். அதன் பிறகு எண்ணெய் காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி சூடேறி வருகிற நேரம் பார்த்து, கீழே இருப்பவர் அளவு நட்டைத் திறக்க வேண்டும். ஒழுக்கு சொட்டாக மாறினால் அளவு சரி, உடனே மூடிவிட வேண்டும். சூடு மீறினால் எண்ணெய் பெருகி ஒழுகிக்கொண்டே இருக்கும், உள்ளே குறைந்துபோகும். போன தடவை மேலே உட்கார்ந்தது தமிழ்ப்ரியா.

பக்கத்துத் தோட்டத்தில் கேட்கலாம். எங்கே பயணம் என்று கேட்பார்கள். குப்பண்ணன் தொழுவத்தின் பக்கம் திரும்பி, வண்டியில ஏறி உக்கார ஆள் வேணும் என்று சொன்னார். சாணி அள்ளிக்கொண்டிருந்த மருதாத்தாள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். வண்டியை விற்கப் போகிறார் என்று அவள் நினைத்திருக்கலாம். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள்.

குப்பண்ணன் குழிக்குள் இறங்கினார். எப்படிச் செய்வது என்று கீழேயிருந்து விளக்கப் போனார். அதற்குள் இஞ்சின் கிளம்பியது. பின்கியர் விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு நியூட்ரல், அப்புறம் முன்கியர். வண்டி இம்மியும் நகரவில்லை. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள், பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் கியரைத் தொட வேண்டும் என்று தெரிந்து செய்துகொண்டிருந்தாள். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எருமையை மறந்துவிட்டு நேராகவே கேட்டார்.

"இதெல்லாம் உனக்கு ஆரு சொல்லிக் குடுத்தது?"

"மாப்பிள்ளைங்க."

நாலு வருஷத்துக்குப் பிறகு அவள் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது. குப்பண்ணன் கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றார். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றிச்சூடு பார்க்கிற கருவியை எண்ணெய்த் தட்டுக்கு நேராகப் பிடித்தார். சூடு பதமாக ஏறியிருந்தது. இந்த நேரம் பார்த்து மேலே ஏறிப்போய் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. அவளும் காலை எடுக்க முடியாது. நட்டைத் திறந்தார். எண்ணெய் நூலாக இறங்கியது.

"நீ அங்க போனயா?"

"மாசாமாசம் போறனுங்க. அக்கா ஊட்டுல ஒரு ராத்திரி தங்கிட்டு, அங்கிருந்து பஸ்ஸு."

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இத்தனை காலமாக ஒரு கதவைத் தான் அடைத்து வைத்திருப்பதாகவும், தான் திறந்தால்தான் உண்டு என்றும் நினைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போய் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள். வெளியே நின்றது அவர் மட்டும்தான்.

"அங்க போலாமுன்னுதான் இந்த வண்டியவே பிரிச்சேன்" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "உன்னையுங் கூட்டிக்கிட்டு."

 இஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவள் சொன்னாள், மெதுவாக, ஆனால் அவருக்குக் கேட்கும்படி.

"புள்ளைக்கு ரெண்டு வயசு முடிஞ்சிருச்சுங்க. பொம்பளப்புள்ள."

எண்ணெய் அவர் மணிக்கட்டில் இறங்கி முழங்கைக்கு ஓடியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"உங்களத்தான், அப்புச்சி எங்க, அப்புச்சி எங்கன்னு ஒவ்வொருக்காவும் கேக்கறா. நான் என்னத்தச் சொல்றது? அப்புச்சி வண்டி ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருக்கறாங்க, சரியானதும் வருவாங்கன்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

குப்பண்ணன் அழுதார். சத்தம் வராமல் அழ அவருக்கு இந்த நாலு வருஷத்தில் பழக்கமாகியிருந்தது, ஆனாலும் இன்று கொஞ்சம் சத்தம் வந்துவிட்டது. இஞ்சின் ஓடியதால் அவளுக்குக் கேட்டிருக்காது என்று வைத்துக்கொண்டார். தோள்பட்டையில் முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது சூடு எப்போதோ மீறிப்போயிருந்தது. எண்ணெய் இன்னமும் ஒழுகிக்கொண்டிருந்தது. அவசரமாக நட்டை மூடினார்.

"அணைச்சிரு."

இஞ்சின் நின்றது. தோப்பில் மட்டை உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. எண்ணெய் அளவுக்கு மேல் ஒழுகிப் போய்விட்டது, ஆறின பிறகு கொஞ்சம் ஊற்றி மறுபடியும் முதலிலிருந்து பார்க்க வேண்டும், மத்தியானம் ஆகிவிடும் என்று குழிக்குள்ளிருந்தே சொன்னார். அவள் இறங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தார். கதவு திறக்கிற சத்தம் வரவில்லை.

ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். கேட்கவே கூச்சமாக இருந்தது.

"பேரு என்ன வெச்சிருக்கறாங்க?"

"நான் சொல்ல மாட்டனுங்க" என்றாள் மருதாத்தாள். "பேரு கேட்டா நல்லாச் சொல்லுவா. நீங்களே வந்து கேட்டுக்குங்க."

குப்பண்ணன் எண்ணெய்த் தட்டின் அடியில் கையை வைத்துப் பார்த்தார். இன்னும் சுட்டது.