அக்கரையில் நின்ற சைக்கிள்

சாய்கல் எங்கள் மேய்ச்சல் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி. மேலே கணவாயில் ஆலங்கட்டி மழை அடித்திருந்தது. அவளும் சைக்கிளும் ஒரே சேற்று நிறம்.

"அக்கா, நான் இறங்க மாட்டேன். முகத்தைக் காட்டிட்டுப் போயிடறேன்."

"இறங்கித்தானே நிக்கிற."

குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். இரண்டும் தரையில்தான் இருந்தன.

"எப்ப இறங்கினேன்?"

என் கொழுந்தன் மனைவி அவள். கொச்கோர் ஊரில் பூகோள டீச்சர், முப்பத்தொன்பது வயது. இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்றாள். பிறகு மூன்று நாளோ என்றாள்.

"இதுக்குப் பேரு பந்தயமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். சேணத்தைத் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியோடு எழுந்து வந்திருந்தார்.

"ஆமா அத்தான். தொள்ளாயிரம் கிலோமீட்டர். தார் ரோடு கிடையாது, ஜல்லியும் மண்ணும்தான். சாப்பாடு, படுக்கை, டியூப் எல்லாத்தையும் வண்டியிலயே கட்டிக்கணும். யாரும் கை குடுக்கக் கூடாது."

"குடுத்தா?"

"பேரை அடிச்சிடுவாங்க."

"கை குடுத்தவன் பேரையா?"

"என் பேரை, அத்தான்."

சைக்கிளின் முன்கம்பியில் தீப்பெட்டி அளவில் ஒன்று மினுமினுவென்று எரிந்தது. அவள் எங்கே போனாலும் அது ஒரு புள்ளியாக இணையத்தில் தெரியுமாம். போன வருஷம் அந்தப் புள்ளி நாலாம் நாள் ஒரு லாரியில் ஏறி வீட்டுக்குப் போனதைப் பள்ளிக்கூடமே பார்த்திருக்கிறது. அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் அவள் பெயர் 'பாதி வழி'. தேநீரைப் பாதி குடித்து வைத்தாலும் சிரிக்கிறார்களாம்.

"இன்னிக்கும் நாலாம் நாள்தான் அக்கா. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கீழப் பள்ளத்தாக்குல அட்டைக்கு முத்திரை வாங்கணும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் அட்டையை வாங்கி வெச்சுக்குவாங்க."

"சரி, ரொட்டியை வாயில வெச்சுட்டுப் போ."

"அது உதவியாயிடும்."

"ரொட்டி உதவியா? எங்க வாசலைத் தாண்டிப் போறவன் சண்டைக்காரனா இருந்தாலும் ஒரு துண்டு பிட்டுட்டுத்தான் போவான். நேத்து ஒரு போலந்துக்காரன் வந்தான், உன்னை மாதிரியே சேறு. ஆறு போர்சோக் ரொட்டி தின்னான்."

அவள் யோசித்தாள். யோசிப்பது முகத்தில் தெரிந்தது, மெதுவாக, ஏற்றத்தில் வண்டி ஏறுவது போல. "எல்லாருக்கும் கிடைக்கறது எனக்கும் கிடைக்கலாம். விதியில இருக்கு. ஆனா நீங்க எனக்கு அக்கா."

"அவனும் அக்கான்னுதான் கூப்பிட்டான்."

"அவனுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"நான்தான்."

ஒரு துண்டு பிட்டுப் பாலாடையில் தோய்த்து வாயில் போட்டாள். மெல்லும்போதே வாசல் கல்லருகே உட்கார்ந்தாள். "பன்னெண்டு நிமிஷம் அக்கா. அலாரம் வெச்சிருக்கேன்." அப்படியே சாய்ந்துவிட்டாள். வாயில் ரொட்டி இருந்தது.

போர்வையை எடுத்து வந்து நின்றேன். போர்த்துவது உதவியா இல்லையா? போலந்துக்காரன் தூங்கவில்லை. தூங்கியிருந்து, அவனுக்கும் போர்த்தியிருந்தால் கேள்வியே இல்லை. ஒன்றும் புரியாமல் பாதி போர்த்தினேன், இடுப்பு வரைக்கும். பிறகு பெட்டைக் குதிரைகளிடம் பால் கறக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவள் எழுந்து கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, நான் சைக்கிள்லதானே வந்தேன்?"

"சைக்கிள்லதான் வந்த."

"நடந்து வரலையே?"

"இல்லை."

"அப்ப சைக்கிள் எங்க?"

எனக்கும் தெரியவில்லை. வேலியில் சேணம் மட்டும் தொங்கியது, ஊசி குத்தியபடி. அப்போது ஆற்றுப் பக்கமிருந்து என் வீட்டுக்காரர் குதிரையில் வந்தார். காலணி நனைந்திருந்தது, முகம் மலர்ந்திருந்தது.

"எழுந்துட்டியா? உன் வண்டி தயாரா அக்கரையில நிக்குது. சேத்தைத் துடைச்சிட்டேன். மதியத்துக்கு மேல பனி உருகி ஆறு ஏறிடும், அதான் முன்னாலயே கடத்தி வெச்சேன்."

விருந்தாளி வந்தால் குதிரையை வாங்கிக் கட்டி, தண்ணீர் காட்டி, கிளம்பும்போது கொண்டுவந்து ஏற்றிவிடுவது வீட்டு ஆணின் வேலை. ஐம்பது வருஷமாக யார் வந்தாலும் இவர் கை தானாகக் கடிவாளத்துக்குப் போகும். சைக்கிளுக்குக் கடிவாளம் இல்லை என்பதை இவர் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாய்கல் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படிக் கொண்டு போனீங்க அத்தான்?"

"குதிரை மேல, மடியில வெச்சு. அந்த மினுமினுப் பெட்டி நனையாம கையில தூக்கிப் பிடிச்சேன்."

"அலாரம் அடிச்சிருக்குமே? போன் வண்டியிலதான் இருந்தது."

"ஆத்து நடுவுல குருவி மாதிரி கத்திச்சு. அதட்டினேன், நின்னுடுச்சு."

"அத்தான், புள்ளி ஆத்தைத் தாண்டிடுச்சு. நான் தாண்டலை."

"அதுக்கென்ன? பின்னால ஏறு, நீயும் தாண்டிடலாம்."

அவள் அழவில்லை. சிரிக்கவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் வந்தது. அப்போதுதான் அவருக்கு ஏதோ தப்பு என்று பட்டது. குதிரையிலிருந்து இறங்கித் தொப்பியைக் கழற்றினார்.

"அப்ப திரும்பக் கொண்டாந்துடறேன்."

"கொண்டாந்தா அது ரெண்டாவது உதவி."

"முதல் உதவியை அழிக்கற உதவி, உதவியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் குதிரையைப் பார்த்தேன்.

"தெரியலை அத்தான். இதைக் கணக்கு டீச்சரைத்தான் கேக்கணும்."

"பந்தயக்காரங்களுக்கே போன் போட்டுக் கேளேன்," என்றேன் நான்.

"நம்பர் என் போன்ல இருக்கு. என் போன் அக்கரையில இருக்கு. அங்க சிக்னல் இல்லை. சிக்னலுக்கு மேட்டுல ஏறணும், அது இக்கரையில இருக்கு." விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள். வட்டம் முடிந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "விதியில இன்னொண்ணு இருக்கு அக்கா. தப்பு நடந்தா, நடந்த இடத்துக்கே திரும்பி, அங்கேர்ந்து சொந்தமாப் போகணும்."

"நடந்த இடம் எது?"

"இந்த வாசல் கல்லு."

"வண்டி இல்லாம நீ மட்டும் கல்லுல நின்னு என்ன பண்ணுவ?"

"அதான். போய் எடுத்துட்டு வரணும். நானே."

ஆற்றில் இறங்கினாள். போகும்போது தண்ணீர் முழங்கால் வரை இருந்தது. சைக்கிளைத் தோளில் போட்டுத் திரும்பி வரும்போது தொடையைத் தொட்டது. நேராக வந்து முன்சக்கரத்தால் வாசல் கல்லை இடித்தாள். நிஜமாகவே இடித்ததா என்று சந்தேகம் வந்தது போல இன்னொரு முறை இடித்தாள்.

"பார்த்தீங்களா அக்கா?"

"பார்த்தேன், ரெண்டு தடவையும்."

திரும்ப ஆற்றங்கரைக்குப் போனபோது மணி ஒன்று ஆகியிருந்தது. தண்ணீர் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. இந்த நேரத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் தனியாக இறங்கியதில்லை. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நாலு அடி வைத்தாள். இடுப்புக்கு ஏறியது. நின்றுவிட்டாள்.

ஆற்றின் மேல்பக்கத்தில், சரியாக நீரோட்டத்தின் நடுவில், என் வீட்டுக்காரர் குதிரையோடு நின்றுகொண்டிருந்தார். குதிரையின் மார்பில் மோதித் தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது. அவளுக்கு நேராக ஒரு அமைதியான சந்து.

"அத்தான், அங்க என்ன பண்றீங்க?"

"குதிரைக்குத் தாகம்."

"குடிக்கவே இல்லையே?"

"யோசிக்குது."

"வெளிய போங்க அத்தான்!"

காதில் விழாதது போல மலையைப் பார்த்தார். அவள் பின்னால் நகர்ந்து, முழங்கால் ஆழத்துக்கு வந்து, சைக்கிளைக் கீழே இறக்காமல் நின்றாள். இவரும் நின்றார். நான் கரையில் நின்றேன். யார் யாருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவள் முங்கிப் போனால் கொழுந்தனுக்கு என்ன பதில் சொல்வது? இவர் நகராவிட்டால், அந்த ஆசிரியர் அறையில் அவள் என்ன பதில் சொல்வது? கால் மணி நேரம் போனது. அவள் உதடு நீலமாகிவிட்டது.

"அவ நகர மாட்டா," என்று கத்தினேன். "நீங்க உங்களை என்னன்னு நினைச்சிட்டிருக்கீங்க? வாங்க இந்தப் பக்கம்!"

குதிரையைத் திருப்பிக் கரைக்கு வந்தார். வந்தவர் அதன் மேல் உட்கார்ந்திருக்கவும் முடியாமல் இறங்கி, வெறும் ஆளாகத் தரையில் நின்றார். வீட்டுப் பெண் ஆற்றில் நடக்கும்போது ஆண் குதிரைமேல் உட்கார்ந்து பார்ப்பது எங்களிடத்தில் கிடையாது.

அவள் போனாள். நடு ஆற்றில் ஒரு முறை சைக்கிள் அவளை இழுத்தது. இவர் கை எதையோ பிடிப்பது போல முன்னால் போய், வெறுங்காற்றைப் பிடித்து, தொங்கியது. அவள் காலை அகட்டி ஊன்றினாள். பிறகு ஒரு கல், இன்னொரு கல், அப்புறம் கரை. திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிளில் ஏறி, ஜல்லிப் பாதையில் வளைந்து மறைந்தாள். இன்னும் நாற்பத்துநாலு கிலோமீட்டர்.

ஐந்து மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் மேட்டில் ஏறினோம். என் போனில் புள்ளிகள் தெரிந்தன. மூக்குக் கண்ணாடியை மறந்திருந்தேன்.

"எது அவ?"

"சிவப்பு."

"சிவப்பு ரெண்டு இருக்கே."

"ஒண்ணு போலந்துக்காரனா இருக்கும்."

"அவன் நேத்தே போயிட்டானே!"

மணி ஆறாக ஆறு நிமிஷம் இருந்தபோது ஒரு சிவப்புப் புள்ளி, முத்திரைக் கூடத்துக்கு ஒரு நகக்கண் தள்ளி நின்றது. ஆறு மணிக்கும் அதே இடம். ஆறு ஐந்துக்குத் திடீரென்று கூடத்தின் மேலேயே இருந்தது. புள்ளி பத்து நிமிஷத்துக்கு ஒரு முறைதான் நகரும் என்று அவள் சொல்லியிருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இடையில் எப்போது போய்ச் சேர்ந்தாள் என்பது யாருக்குத் தெரியும்? இவர் புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார்.

போன் அடித்தது.

"அக்கா."

"சொல்லு."

"அஞ்சு அம்பத்தெட்டு. முத்திரை விழுந்துடுச்சு."

இவர் பக்கம் திரும்பித் தலையாட்டினேன்.

"நடந்ததை எல்லாம் சொல்லிட்டேன் அக்கா. புள்ளி போய், வந்து, மறுபடி போனதை அவங்களும் பார்த்துட்டுக் குழம்பித்தான் இருந்திருக்காங்க. திரும்பின இடம் சரியா இருக்கு, பேர் அப்படியே இருக்கட்டும்னுட்டாங்க. வண்டியைத் தூக்கினது யாருன்னு பேர் கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"அத்தான் பேரை நான் எப்படி வாயால சொல்றது? எழுதவும் கை வரலை. கடைசியில அவங்களே 'குதிரை'ன்னு எழுதிக்கிட்டாங்க."

இவர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"இந்தா, சாய்கல். நீ அங்க போய் இறங்கினப்ப வண்டியை வாங்கிப் பிடிச்சது யாரு?"

"யாரும் வாங்கலை அத்தான். நானே செவுத்துல சாய்ச்சு வெச்சேன்."

"ஒருத்தருமா வரலை?"

"வரக் கூடாதே அத்தான்."

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பள்ளத்தாக்குப் பக்கம் பார்த்தார்.

"என்ன மனுஷங்களோ," என்றார்.