வளையல் போட்ட மரம்

மலையில் பச்சை மரத்தை வெட்டக்கூடாது, காய்ந்த விறகு பொறுக்கலாம் என்பது சட்டம். சட்டம் எழுதியவர் வீட்டில் கேஸ் அடுப்பு இருந்திருக்கும். கொட்டாம்பட்டிக்கு மேற்கே, மலையடியில் இருந்த அந்த ஊரில் பொறுக்குவதற்குக் காய்ந்த விறகு என்றைக்கோ தீர்ந்துபோயிருந்தது. பெண்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். மரத்தின் அடிப்பட்டையைச் சுற்றிலும் வளையமாக உரித்துவிட்டு, வனத்துறை கார்டு கண்ணில் படாமலிருக்கச் செம்மண்ணைக் குழைத்து அப்பிவிடுவார்கள். சில மாதத்தில் மரம் நின்றபடியே காய்ந்துவிடும். அப்புறம் அது காய்ந்த விறகு. யார் என்ன கேட்க முடியும்? இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘வளையல் போடுறது’. கார்டின் காதுபடவே பேசுவார்கள். பாவம், அவரும் ஏதோ விசேஷம் என்று நினைத்துக்கொள்வார்.

செல்லத்தாய்க்கு மாசியில் ஏழாம் மாதம். பல வருஷம் கோயில் கோயிலாக நடந்து உண்டான பிள்ளை. வெள்ளிக்கிழமை வளைகாப்பு என்று முடிவானதும் மாமியார் அழகம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்து உட்கார்ந்தாள்.

“ஒங்கிட்டச் சொன்னா வருத்தப்படுவேன்னு சொல்லல தாயி. ஆடியில கன்னிமார் பாறைகிட்ட நிக்கிற உசில மரத்துல தொட்டில் கட்டிட்டு வந்தேன். கன்னிமாரு கண்ணத் தொறந்துட்டாளுக. வளையல் போடுறதுக்கு முந்தி போயி ஒரு சூடம் காட்டிட்டு வந்துருவோம்.”

அந்த மரத்துக்கு ஆனி மாதமே வளையல் போட்டது செல்லத்தாய்தான். மாமியார் தொட்டில் கட்டியபோது மேலே இலை பச்சையாக இருந்திருக்கும், கீழே வளையத்தை மண் மூடியிருந்திருக்கும். அன்றிலிருந்து பிள்ளை வளர வளர மரம் செத்துக்கொண்டு வந்திருக்கிறது.

மறுநாள் காலை மலையேறும்போது, பாறைக்குப் பக்கத்தில் இன்னொரு உசில மரம் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனாள். இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மரம் பட்டுப்போயிருந்தது. மஞ்சள் துணித் தொட்டில் வெளுத்துப்போய் ஒரு காய்ந்த கிளையில் தொங்கியது. ஐப்பசி மழையில் மண் கரைந்து வளையம் பளிச்சென்று தெரிந்தது.

“எவடி போட்டா இத?” என்றாள் அழகம்மாள்.

செல்லத்தாய் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். பிள்ளை அசையவில்லை.

“நாந்தேன் அத்த. நீங்க கட்டுறதுக்கு முந்தியே போட்டுட்டேன்.”

அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். விழவில்லை. திறந்து பார்த்தபோது அழகம்மாள் தொட்டிலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“பட்ட மரத்துல புள்ளயோட தொட்டில் தொங்கக் கூடாது. வா, பச்ச மரமாப் பாத்துக் கட்டிருவோம்.”

இலையுதிர் காலம், எது உயிரோடு இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியாது. அழகம்மாள் ஒவ்வொரு மரமாக அடிமண்ணைச் சுரண்டினாள். “இது ஒச்சாயி போட்டது. இது சோணை பொண்டாட்டி.” வெட்டை வைத்தே ஆளைச் சொல்லிக்கொண்டு வந்தவள், ஒரு மரத்தடியில் மட்டும் சுரண்டிய மண்ணைத் திரும்ப அப்பினாள். “இது என்னுது,” என்றாள்.

கீழே ஊரிலிருந்து பார்த்தால் மலை நிறைய மரம் நிற்கும். இப்போது அத்தனையும் மண்ணை அப்பிக்கொண்டு காயக் காத்திருந்தன. செல்லத்தாய்க்குக் கன்னிமார் மீதிருந்த பயம் மாறி வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. பிறக்கப்போகிற பிள்ளைக்கு வெந்நீர் வைக்க இந்த மலையில் என்ன மிஞ்சும்?

கடைசியில் பாறை இடுக்கில் கைத்தடி கனத்தில் ஒரு உசிலங்கன்று கிடைத்தது. வளையல் போட லாயக்கில்லை என்று விட்டிருந்தார்கள். அழகம்மாள் நகத்தால் கீறினாள், பச்சை தெரிந்தது. தொட்டிலைக் கட்டியதும் கன்று ஒருபக்கமாகச் சாய்ந்தது.

வெள்ளிக்கிழமை வீடு நிறையப் பெண்கள். முதலில் கணவனின் அக்கா ஒச்சாயி தட்டிலிருந்து கண்ணாடி வளையலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“கையக் குடுடி, வளையல் போடணும்.”

செல்லத்தாய் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லாம் மலைக்குப் போகிற கைகள். அவள் ஒவ்வொரு கையாகப் பார்த்தாள்.

“மதினி, கன்னிமார் பாறை இடுக்குல ஒரு உசிலங்கன்னு நிக்கிது. எம் புள்ளயோட தொட்டில் அதுலதான் இருக்கு. அது பெருத்தாலும் அதுக்கு வளையல் போட மாட்டேன்னு சொல்லுங்க. எல்லாரும் சொல்லுங்க. அப்பறம் எனக்குப் போடுங்க.”

சிரிப்பு நின்றது. பட்ட மரத்தின் கதை அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. ஒச்சாயி வளையலைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் பார்த்தாள். விருந்துக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. அடியில் எரிந்தது அந்தப் பழைய உசில மரம்தான். காய்ந்த மரத்தை யார் விட்டுவைப்பார்கள்?

“அடுப்புக்கு என்னத்தடி வைக்கிறது?” என்றாள் மெதுவாக.

செல்லத்தாய் கையை நீட்டவில்லை.

“சரிடி. அந்த ஒத்த மரத்துக்குப் போடல,” என்றாள் ஒச்சாயி.

செல்லத்தாய் கையை நீட்டினாள். மற்ற மரங்களைப் பற்றிக் கேட்க வாயெடுத்தாள். கேட்கப் பயமாக இருந்தது. ஒச்சாயி அடுப்பைப் பார்த்துக்கொண்டே மாட்டியதில் முதல் வளையல் அவள் மணிக்கட்டில் ஏறும் முன்பே உடைந்தது.