நேரலையில் அம்மாவுக்கு ஒருத்தரும் இல்லை

அம்மாவின் இருதய வால்வு ஒன்று பழுதாகிவிட்டது என்று ஜனவரி நடுப்பகுதியில் டொக்டர் சொன்னார். மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் கேட்டதற்குப் பதினொரு மாதம் தள்ளி ஒரு திகதி எழுதித் தந்தார்கள். தனியாரில் என்றால் உடனே செய்யலாம், பதினெட்டு இலட்சம். எங்கள் வீட்டில் பதினெட்டாயிரம் சேர்ந்தாற்போல் இருந்த ஒரு நாள் எனக்கு நினைவில்லை.

அம்மாவின் பெயர் மாக்கிறட். அரிப்புப் பக்கத்தில் ஒரு வாடியில் மீன் வெட்டி, உப்புப் போட்டுக் காயவைப்பது அவருடைய வேலை. அப்பா இந்தியாவில், மண்டபம் அகதி முகாமிலேயே இறந்துபோனார். நான் ஒரே பிள்ளை. புவியியலில் சிறப்புப் பட்டம் எடுத்துவிட்டு, இரண்டு வருடமாகப் பள்ளிக்கூடம் ஒன்றில் தொண்டர் ஆசிரியையாக இருக்கிறேன். தொண்டர் என்றால் சம்பளம் இல்லை. பெற்றோர் சங்கம் மனம் வைத்தால் பஸ் காசு தரும்.

உயர்தரம் வரை என்னோடு படித்த றெக்சன் இப்போது ஊர் விளையாட்டுக் கழகத்தின் தலைவன். அவன்தான் வீடு தேடி வந்தான். அம்மாவை அவன் அன்ரி என்றுதான் கூப்பிடுவான்.

"அன்ரிக்கு ஒரு இன்னிசை மாலை வைப்பம். ரிக்கெற் அடிப்பம். ஆனா பதினஞ்சாம் திகதிக்குள்ள வைக்கவேணும். இல்லாட்டிச் சரிவராது."

இந்த வருடம் தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனும் முஸ்லிம்களின் நோன்பும் ஒரே கிழமையில் வந்து விழுந்திருந்தன. தவக்காலத்தில் பாட்டும் கூத்தும் வைக்க ஃபாதர் மைதானம் தரமாட்டார். நோன்பு தொடங்கினால் இசைக்குழுவில் கீபோர்ட்டுக்கும் பாட்டுக்கும் ஆள் இல்லை. இரண்டு பேரும் முஸ்லிம் பெடியள். பிறகு உயிர்த்த ஞாயிறு கழிய வேண்டும். அதுவரை அம்மாவின் வால்வு பொறுத்திருக்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ஆகவே பெப்ரவரி பதினைந்து, ஞாயிறு.

"மன்னார் ரவுணில ஒரு அறிவிப்பாளரைக் கேட்டனான், முப்பதாயிரம் சொல்லுறார். நீ செய்யன் ஜெனி. ஸ்போட்ஸ் மீற்றுக்கெல்லாம் நீதானே கத்துறனீ" என்றான். சரி என்றேன். என்னால் கொடுக்கக்கூடியது வாய் ஒன்றுதான்.

அடுத்த கிழமை அவன் போனைத் தூக்கிக்கொண்டு வீடியோ எடுக்க வந்தான். லண்டனில் சிங்கராசா என்று ஒருவர் இருக்கிறார். ஊரை விட்டுப் போய் முப்பது வருடத்துக்கு மேல். இரண்டு கடை. ரிக்கெற்றில் மூன்று இலட்சம் தேறினால் பெரிது. மீதியை அவர் போடுவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு வீட்டைப் பார்க்க வேண்டுமாம்.

றெக்சன் கொட்டிலைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தவன், முற்றத்தில் கருவாட்டுப் பரணுக்கு முன்னால் நின்றுவிட்டான். பனி படாமல் கருவாட்டை மூடியிருந்தது ஒரு பழைய பதாகை. அதில் நான் தொப்பியும் அங்கியுமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். "எமது கிராமத்தின் முதல் பட்டதாரி" என்று மேலே சிவப்பில். இரண்டு வருடத்துக்கு முன்னர் சந்தியில் கட்டியது இதே றெக்சன்தான்.

அவன் குனிந்து பதாகையை மறுபக்கம் புரட்டிப் போட்டான். வெள்ளைப் பக்கம் மேலே வந்தது.

"என்னடா செய்யிறாய்?"

"சிங்கராசா அண்ணைக்கு ஒரு கொள்கை இருக்கு, ஜெனி. உழைக்கக்கூடிய பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அவர் குடுக்கமாட்டார். அடம்பன் பக்கம் ஆரோ ஒரு தாய்க்கு மருந்துக்குக் காசு அனுப்ப, மகன்காரன் மோட்டச்சைக்கிள் எடுத்துப்போட்டானாம். அண்டையோட அவர் சரியான ஸ்ரிக்ற்."

"அதுக்கு?"

"அன்ரிக்கு ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

"நான் ஒருத்தி மலைபோல நிக்கிறன்."

"நீ உழைக்கிறியோ?"

உழைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"பாக்கிற சனத்துக்குத் தெரியாதே? முழு ஊருக்கும் நான் ஆரெண்டு தெரியும்."

"சனத்துக்குத் தெரிஞ்சா என்ன? நேரலையைப் பாக்கிறது அவர். அன்ரி இலுப்பைக்கடவைக்காரி, அவர் போன பிறகு வந்தவ. உன்னை அவருக்கு எங்க தெரியும்? நீ அறிவிப்பாளர். அவ்வளவுதான்."

"பொய் சொல்லி வாங்கிற காசு வேண்டாம்."

"அப்ப நீ பதினெட்டு இலட்சத்தைத் தா" என்று சொல்லிவிட்டுப் போய் மோட்டார்சைக்கிளை உதைத்தான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே எரிச்சல். உதவி செய்வதென்றால் செய்யுங்கள். எங்களிடம் என்ன இல்லை என்று பட்டியல் கேளுங்கள், தருகிறேன். இருப்பதையும் இல்லையென்று சொல்லச் சொல்வது என்ன நியாயம்? அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. மனத்துக்குள் ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டேன். மைக் என்னுடைய கையில் இருக்கும். அம்மா மேடைக்கு வந்ததும், பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நானே கேட்பேன். அம்மாவுக்குப் பொய் வராது. வாடி முதலாளி நிறுவையில் கள்ளம் செய்தபோது முகத்துக்கு நேரே சொல்லி இரண்டு மாதம் வேலை இழந்தவர் அவர். உண்மை அவருடைய வாயிலிருந்து வந்தால் சிங்கராசா எப்படி மறுப்பார்? மனிதர்தானே. இதுதான் என் கணக்கு.

ஞாயிறு நான்கு மணிக்கே மைதானம் நிரம்பிவிட்டது. முஸ்லிம்களுக்கு அக்காதான் தாத்தா. நசீறா தாத்தா ஒரு கடைபோல் மேசை விரித்து றோல்ஸும் வட்டிலப்பமும் விற்றுக்கொண்டிருந்தார். வருகிற இலாபம் முழுவதும் அம்மாவுக்கு என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார். அவருடைய கணவர் அப்துல் றசாக்குக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. பெருநாள் கழிந்து வைக்கிற அடுத்த இன்னிசை மாலை அவருக்குத்தான்.

நான் பிளேன்ரீ குடிக்கப் போனபோது தாத்தா குரலைத் தாழ்த்தினார்.

"புள்ள, றெக்சன் தம்பி சொன்னிச்சு, நீங்க கோவத்தில இருக்கிறீங்களாம்."

"எனக்குக் கோவம் வரக்கூடாதோ தாத்தா?"

"வரட்டும். மைக்குல மட்டும் வரவேணாம். அந்த மனிசன் கைய விரிச்சா உங்கட உம்மாவோட முடியாது. அடுத்தது நாங்க."

நான் கோப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆறு மணிக்கு நேரலை தொடங்கியது. லண்டனில் அப்போது பகல் பன்னிரண்டரை. அவர் பூசைக்குப் போய்வந்து உட்கார்ந்திருப்பாராம். மேடைக்கு எதிரே மூன்று காலில் போன். மேடையின் நடுவில் ஒரு கதிரை, கதிரையில் சிங்கராசாவின் பெரிய படம், சட்டம் போட்டது. அவர் வரமுடியாததால் படத்துக்குப் பொன்னாடை போர்த்துவதென்று கழகம் தீர்மானித்திருந்தது.

"செத்தவீடு மாதிரி இருக்கடா" என்றேன் றெக்சனிடம்.

"வாயை மூடு. மாலை போடேல்லைத்தானே."

இரண்டு பாட்டு முடிந்து, வரவேற்புரை, தலைவர் உரை, கழகத்தின் சாதனைகள். பிறகு றெக்சன் கண்ணைக் காட்டினான். அம்மாவை அழைத்தேன். மேடைக்கு மூன்றே படி. இரண்டாவது படியில் அம்மா நின்று மூச்சு வாங்கினார். நடிப்பில்லை. கோயிலுக்கென்று வைத்திருந்த நல்ல சேலையை விட்டுவிட்டு வாடிக்குக் கட்டுகிற சேலையில் வந்திருந்தார். அதைப் பார்த்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "அம்மா, உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர்?"

றெக்சன் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாலிருந்து எழும்பினான். நான் அம்மாவின் முகத்தையே பார்த்தேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தார்.

"பிள்ளை குட்டி இல்லையம்மா. மனிசன் இந்தியாவில செத்துப்போச்சு. நான் தனி ஆள். மீன் வெட்டித்தான் சீவியம். இப்ப கத்தி பிடிக்கவும் ஏலாமல் கிடக்கு."

தடங்கல் இல்லை, நடுக்கம் இல்லை. ஒத்திகை பார்த்த சொற்கள்.

நானூறு, ஐந்நூறு சனம் இருந்திருக்கும். எனக்கு ஞானஸ்நானப் பெயர் வைத்தபோது நின்றவர்கள், பட்டமளிப்புக்குப் போக எனக்குச் சேலை தந்தவர்கள், சந்தியில் அந்தப் பதாகையைப் பிடித்துக் கட்டியவர்கள். ஒருவராவது சிரிப்பார், ஒரு பெடியனாவது "அப்ப ஜெனி அக்கா ஆர்?" என்று கத்துவான் என்று காத்திருந்தேன். எங்கள் ஊரில் கோயிலில் பிரசங்கத்துக்கே குறுக்கே கதைப்பார்கள். அன்று ஒரு சத்தம் இல்லை. முன்வரிசையில் இரண்டு பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். துடைக்கும்போது போன் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஊரே சேர்ந்து எனக்கு முன்னால் என்னை இல்லாமல் ஆக்கியது, அம்மா உயிரோடிருக்க வேண்டும் என்பதற்காக. யாரோடு கோபிப்பது?

"தொடர்ந்து..." என்றேன். குரல் கம்மியது. அதுவும் நல்லதாகப் போனது. அறிவிப்பாளரே அழுகிறார் என்று நேரலையில் எழுதினார்களாம்.

படத்துக்குப் பொன்னாடை போர்த்த அம்மாவால் கையை உயர்த்த முடியவில்லை. நான் முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன். சட்டத்தில் பொன்னாடை நிற்காமல் இரண்டு தரம் வழுகியது. மூன்றாம் தரம் றெக்சன் ஓடிவந்து உடுப்புக் கிளிப் போட்டான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"எப்ப பழகினனீங்கள்?"

"றெக்சன் வெள்ளிக்கிழமை வாடிக்கு வந்தவன்" என்றார் அம்மா, கட்டிலில் சாய்ந்தபடி.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"சொன்னா நீ விட்டிருப்பியோ?"

"எல்லாருக்கும் முன்னால நான் இல்லையெண்டு சொல்ல உங்களுக்கு மனம் வந்ததே?"

அம்மா மூச்சை ஒழுங்காக்கிக்கொண்டார். "நீ போன மாசம் கச்சேரி வாசலில மட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு கத்தினியே, என்னெண்டு?"

மாவட்டச் செயலகத்து ஆர்ப்பாட்டத்தில் நான் கத்தியது, பட்டதாரிகளுக்கு வேலை தா, வாழ வழியில்லை என்று.

"அதைத்தான் நானும் சொன்னனான். நீ கத்திக் கேட்டாய், கிடைக்கேல்லை. நான் மெல்லமாக் கேட்டன். உண்மையைச் சொல்லிப்போட்டு நான் சாகவோ? செத்தா உனக்கு ஆர் இருக்கினம்?"

ஆத்திரத்தில் முற்றத்துக்குப் போய் அந்தப் பதாகையை இழுத்துச் சுருட்டினேன். பிறகு பனி விழும் என்று நானே திரும்பவும் விரித்தேன்.

செவ்வாய்க்கிழமை றெக்சன் வந்தான். முகம் முழுக்கப் பல்.

"முழுசும் போடுறாராம்! இன்னொண்டு. அந்த அறிவிச்ச பிள்ளை ஆர், நல்லாக் கதைக்குது, இரக்கமான பிள்ளை எண்டு கேட்டவர். ஊர்ப்பிள்ளைதான், வேலை தேடுது எண்டன். அந்த மனிசிக்கு ஒருத்தரும் இல்லைத்தானே, அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரியில துணைக்கு நிக்கச் சொல்லு, ஒரு நாளுக்கு இரண்டாயிரத்தைந்நூறு தாறன் எண்டுறார்."

"ஆருக்கு?"

"உனக்கு. சம்பளம்."

அம்மா கட்டிலில் இருந்தபடியே, "ஓமெண்டு சொல்லு" என்றார்.

நான்கு வருடம் படித்து, இரண்டு வருடம் சும்மா படிப்பித்து, எட்டு நேர்முகத்துக்குப் போய், கடைசியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. என் தாயைப் பார்க்கிற வேலை.

யாழ்ப்பாணத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் அனுமதிப் படிவம் எழுதியது நான். காசு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. கவுண்டரில் இருந்தவர், இரத்த உறவு யாராவது சம்மதக் கையெழுத்து வைக்கவேண்டும் என்றார். உறவுமுறை என்ற கட்டத்தில் "மகள்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அந்த ஒரு சொல்லை எழுத வயிறு குளிர்ந்தது. பக்கத்தில் தள்ளுகதிரையில் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. சிங்கராசா. படிவத்தை ஒரு படம் எடுத்து அனுப்பட்டாம், தன்னுடைய கோப்புக்கு.

பெருவிரலால் அந்தக் கட்டத்தை மறைத்து எடுத்து அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "விரல் மறைக்குது பிள்ளை. திருப்பி எடுங்கோ."

போதும் என்று இருந்தது. நிமிர்ந்து நின்று எழுதத் தொடங்கினேன். அண்ணா, நான் அந்த அம்மாவின் மகள். எனக்குப் பட்டம் இருக்கிறது, வேலை இல்லை. இரண்டும் உண்மை.

"என்னத்தை எழுதுறாய்?" அம்மா கண்ணைத் திறந்திருந்தார்.

"ஒண்டுமில்லை."

"அழி."

"காசு கட்டியாச்சு அம்மா. இனி அவர் என்ன செய்வார்?"

"எனக்குக் கட்டியாச்சு. றசாக் நானாவுக்கு?"

நான் அம்மாவைப் பார்த்தேன். வாய் நீலம் பாரித்திருந்தது. இவ்வளவு வருத்தத்துக்குள்ளும் அந்தக் கணக்கு அவருக்குச் சரியாக வந்தது. எனக்கு வரவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். படிவத்தை அந்தக் கட்டம் உள்ளே போகும்படி மடித்து, இன்னொரு படம் எடுத்து அனுப்பினேன்.

தாதி வந்து தள்ளுகதிரையின் பிடியைப் பிடித்தார். அம்மா கழுத்துச் சிலுவையைக் கழற்றி என் கையில் வைத்தார். கதவு மூடிய பிறகுதான் பதிலைப் பார்த்தேன்.

"நன்றி பிள்ளை. அவவை உங்கட சொந்தத் தாய் மாதிரிப் பாத்துக்கொள்ளுங்கோ."

ஓம் அண்ணா என்று போட்டேன்.