பூணூலுக்கு ஒரு மான்தோல்

கவிழ்த்துப் போட்ட குப்பைத்தொட்டியின்மேல் மான்தோலை விரித்து, கத்தியின் மழுங்கிய முதுகால் வழித்துக்கொண்டிருந்தான் சுவிசேஷமுத்து. இழுக்க இழுக்க, சதைப்பக்கத்துச் சவ்வு வெள்ளையாகச் சுருண்டு வந்தது. ஆலன் ஊர் இந்திய மளிகைக்கடையில் இருந்த கடுக்காய்ப்பொடி மொத்தமும் கராஜ் மூலையில் ஒரு வாளியில் ஊறிக்கிடந்தது.

"இந்த நாத்தத்துக்கா அமெரிக்கா வந்தோம்?" கதவோரம் மூக்கைப் பொத்தியபடி கிருபாராணி கேட்டாள். "இந்த வேலை உங்களுக்கு வேணாம்னுதான உங்கப்பா உங்கள எஞ்சினியரிங் படிக்க வெச்சாரு?"

"ஒரே ஒரு தோலுடி. ரெஃபரல் கிடைச்சிரும்."

வேலை போய் நாற்பது நாள். விசா விதிப்படி அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மகள் ஃபெபியின் பள்ளிக்கூடம் உட்பட எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். பிடித்துக்கொள்ள இருந்த ஒரே கொம்பு, மூன்று தெரு தள்ளியிருந்த சாய்ராம். பெரிய கம்பெனியில் டைரக்டர். "எங்க கம்பெனி வேலைக்கு நானே ரெஃபர் பண்றேன் முத்து" என்றவர், அதே மூச்சில் மகன் அனிருத்தின் பூணூல் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார். பூணூலில் ஒரு துண்டைக் கட்டவும் பையனை உட்காரவைக்கவும் மான்தோல் எங்குமே கிடைக்கவில்லை என்று புலம்பவும் செய்தார்.

முத்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எதிர்வீட்டு வெள்ளைக்காரர் வேட்டைக்குப் போகிறவர் என்பது ஞாபகம் வந்து, "நான் ரெடி பண்ணித் தர்றேன் சார்" என்றுவிட்டான்.

பத்து நாள் கடுக்காய்ச் சாற்றைத் தேய்த்தான். குண்டு துளைத்த ஓட்டையைத் தைத்தான். முட்டை மஞ்சள்கருவும் தேங்காயெண்ணெயும் தடவி, நாற்காலி முதுகில் போட்டு இழுத்து இழுத்துப் பதப்படுத்தினான். தோள் இரண்டும் கழன்றுவிடும்போல வலித்தது. சாய்ராம் வந்தபோதும் இழுத்துக்கொண்டுதான் இருந்தான்.

"வாவ்! எந்தக் கடையில குடுத்தீங்க?"

"கடையா? நானேதான் சார்!" பெருமை பிடிபடவில்லை அவனுக்கு. "எங்கப்பா திண்டுக்கல் தோல் டேனரில முப்பது வருஷம். லீவு விட்டா நானும் அங்கதான்."

கைகுலுக்க நீண்ட சாய்ராமின் கை, பாதியில் திரும்பிப் பாக்கெட்டிலிருந்த போனை எடுத்தது.

"ஓ... நைஸ்." கார் டிக்கியைத் திறந்துவிட்டார். "அதுல வெச்சிடுங்க."

முத்து வைத்தான். "சார், ரெஃபரல்..."

"மண்டே பாக்கறேன். அப்புறம், ஃபங்ஷன் ரொம்ப ஸ்மால் ஆயிடுச்சு முத்து. ஃபேமிலி மட்டும்தான். தப்பா எடுத்துக்காதீங்க."

திங்கட்கிழமை மெசேஜ் வந்தது: பொசிஷன் ஹோல்டில் இருக்கிறதாம், சாரி.

"தோலு மட்டும் உள்ள போலாமா?" என்றாள் கிருபாராணி.

ஐம்பத்தெட்டாம் நாள், சனிக்கிழமை. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, தமிழ்ச் சங்க வாட்ஸப் குரூப்பைத் திறந்தான். பூணூல் கல்யாண போட்டோக்கள். ஹால் நிறையக் கூட்டம். பாதி முகங்கள் தெரிந்தவை. அனிருத் மான்தோலில் சம்மணமிட்டிருந்தான். அவன் முழங்காலருகே முத்து போட்ட தையல் தெரிந்தது; மார்பில் புதுப் பூணூலோடு அதே தோலின் சிறு துண்டு.

'செம சாஃப்டா இருக்கே, எங்க கிடைச்சுது?' என்று யாரோ கேட்டிருந்தார்கள்.

'ஒரு அமெரிக்கன் ஹன்டர் செஞ்சு குடுத்தார்' என்று சாய்ராம் பதில் போட்டிருந்தார்.

முத்து போனைக் கவிழ்த்து வைத்தான். நகக்கண்ணில் கடுக்காய்க் கறை இன்னும் போகாத விரல்களால், அடுத்த பெட்டிக்கு டேப் ஒட்ட ஆரம்பித்தான்.