கொம்புக்கு இன்னும் இரண்டு துளை

1
இந்தக் கதை பிறந்த விதம் எனக்கே வெட்கமாக இருக்கிறது. இறந்துபோன அண்ணன் எலாடியோவுக்கு ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும், அண்ணி ஹெர்லிந்தா ஒரு மர விலங்கை என் மடியில் வைத்தாள். துக்கத்தில் இருக்க வேண்டியவன், 'நல்ல கதை' என்று நினைத்தேன்.

2
ஒஹாக்கா மலைச்சரிவில் பனி விலகும்போது ஒரு மான்... (வேண்டாம். அண்ணன் செதுக்கியது கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில்.)

அண்ணன் கொப்பால் மரத்தில் செதுக்குவார், அண்ணி வண்ணம் தீட்டுவாள். காதையும் கொம்பையும் தனியாகச் செய்து துளையில் செருகுவோம். இந்த உடம்பில் இருந்தவை இரண்டே துளைகள். காது செய்வதற்குள் அண்ணன் போய்விட்டார்.

"கல்யாணத்தப்போ எனக்குக் கொம்பு மான் செஞ்சு தர்றேன்னாரு. பத்தொம்பது வருஷம்! செஞ்சதெல்லாம் கடைக்குத்தான் போச்சு. இது அதுதானே தம்பி?"

3
அது நாய். நானும் செதுக்குகிறவன், கழுத்தைப் பார்த்தாலே தெரியும். (பெண்மான் என்று சமாளிக்கலாமே என்கிறீர்கள். அண்ணன் சொன்னது கொம்பு மான்.)

முதல் வரைவில் "நாய்தான் அண்ணி" என்றேன். அவள் அழுததை எழுத முடியாமல் கிழித்தேன். அடுத்ததில் "மான்தான், என்கிட்ட சொன்னாரு" என்றேன்.

"உங்கிட்டயா? நீங்க ரெண்டு பேரும் பேசியே நாலு வருஷமாச்சே!"

நான் எழுதிய அண்ணியே என்னை மடக்கிவிட்டாள்.

4
நிஜத்தில் நான் விலங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அண்ணி துளைகளை விரலால் தடவினாள்.

"கொம்புக்கும் ரெண்டு வேணுமே. அழுது அழுது கண்ணு மங்கிக் கெடக்கு, சரியா எண்ணலையோ என்னவோ. மில்லுல சோளம் அரைச்சிட்டு வந்து இன்னொரு தடவ எண்ணிப் பாக்குறேன். அரைமணி நேரமாகும். நீ இங்கயே இரு."

துளைபோடும் கருவியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, வாளியோடு போனாள்.

5
அண்ணன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஒரு மானுக்கு நேரமில்லாதவருக்கு நான் ஏன் நல்ல பெயர் வாங்கித் தர வேண்டும்? அதோடு, இது அவர் கை கடைசியாகச் செய்த வேலை. அதில் என் கை படலாமா? ஆனால் அண்ணி...

(இந்த வாக்கியத்தை ஏழு முறை தொடங்கிவிட்டேன்.)

வாசலில் வாளிச் சத்தம் கேட்கிறது. நான் எழுந்து போய்ச் சுமையை வாங்க வேண்டும். விலங்கையும் கருவியையும் உங்களிடம் விட்டுப் போகிறேன். துளை போடுவதானால் சீக்கிரம் போடுங்கள். மரத்தூளை ஊதிவிடுங்கள். புதுத்தூளைப் பார்த்தால், பார்க்காததுபோல் நடிக்க அவளுக்குக் கஷ்டமாக இருக்கும்.