இரண்டாவது எண்ணிக்கை

முனாபுக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது. குதிரைக்கு வாயில்லை, முதலாளி ஹெக்டருக்கு இருந்ததெல்லாம் வாய்தான்.

பாசிக்குடாக் கடற்கரையில் சுற்றுலாக்காரரைக் குதிரையேற்றிப் பிழைக்கிற மனிசன், இந்த முறை நாற்பது கிலோமீற்றர் சவாரி என்று விளம்பரம் போட்டுவிட்டார். பாதித்தூரம் முடிந்து, வாழைச்சேனை வாவிக்கரையில் சேணம் கழற்றிய சிவலைக் குதிரை தலையைத் தொங்கப்போட்டு நின்றது. கால் மணித்தியாலத்துக்குள் அதன் நெஞ்சடிப்பு நிமிஷத்துக்கு அறுபத்துநாலுக்கு இறங்கினால்தான் மீதிப் பயணம். வளைகுடாவில் ஒன்பது வருஷம் பந்தயக் குதிரை பார்த்த காத்தான்குடி முனாபைச் சம்பளத்துக்கு வைத்ததே இதை எண்ணத்தான்.

ஹெக்டர் ஐஸ் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றுவித்தார்.

"அறுபது. நீதானே எண்ணினாய்? சேணத்தைப் போடு."

"கொஞ்சம் ஓட்டிப்போட்டு இன்னொருக்கா எண்ணோணும் சேர்."

"என்னத்துக்கு? அதுதான் இறங்கிற்றே."

"ஐஸ் ஊத்தினா இறங்கும்தான். களைச்ச நெஞ்சு, நாலு எட்டு ஓடினா காட்டிக் குடுத்திரும்."

முனாப் அதற்குமேல் உத்தரவு கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்து நாற்பது மீற்றர் ஓட்டிப்போய்த் திருப்பி ஓட்டிவந்தான். ஓடத் தொடங்கி ஒரு நிமிஷம் முடிய, முன்னங்கால் இடுக்கில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தான். எழுபத்தாறு. தேறிய குதிரையென்றால் அறுபதுக்கே திரும்பியிருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார் மனிசன்.

"எழுபத்தாறு சேர். இது இனி ஓடினாச் செத்திரும்."

"வெள்ளைக்காரன் காத்துக்கொண்டு நிக்கிறான். நீ சம்பளத்துக்கு நிக்கிறவன். போடெண்டாப் போடு."

முனாபுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. வளைகுடாவிலேயும் ஒரு முதலாளி இதையேதான் சொன்னான். அன்றைக்கும் இரண்டாவது எண்ணிக்கை ஏறித்தான் இருந்தது. சம்பளத்துக்குப் பயந்து, வாயைப் பொத்திக்கொண்டு, இவனே வாரை இறுக்கினான். அந்தக் கறுப்புக் குதிரை பாலைவன மணலில் விழுந்தது, எழும்பவேயில்லை. அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு இருந்ததைத் தவிர இவன் ஒன்றும் செய்யவில்லை.

குளம்பு சுரண்டும் கத்தியை இடுப்பிலிருந்து உருவினான். தரையில் கிடந்த சேணத்தைத் தூக்கி, வயிற்று வாரை ஒரே இழுப்பில் அறுத்தான். மாற்றுச் சேணம் ஒன்று கொண்டுவர ஹெக்டருக்கு என்றைக்குமே மனம் வந்ததில்லை.

"இப்ப ஏத்துங்க பாப்பம்."

ஹெக்டரின் முகம் கறுத்துப்போயிற்று. "உனக்கு விசரா? இண்டையோட உன்ர வேலை முடிஞ்சுது. போ."

"போறன் சேர்," என்றான் முனாப், குதிரையை மரநிழலுக்கு நடத்திக்கொண்டே. "அண்டைக்கே அறுத்துப்போட்டுப் போயிரிக்கோணும்."