நேற்று வாட்டிய கறி

இதைச் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்ததாக என் நினைவு. ஒடெஸ்ஸாவைக் கேட்டால் தூறல் என்பாள். நான் அதிகம் பேசாதவன். பேசாதவன் எல்லாவற்றையும் கவனித்திருப்பான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. பாதி நேரம் நான் வேறெதையோ யோசித்துக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது.

லெம்யூல் என் அக்காவின் கணவன். அக்கா இறந்து பல வருடம் ஆன பிறகும் நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிடுவதை விடவில்லை. டார் ஆற்றின் இந்தக் கரையில் கல்யாணமோ சாவோ சர்ச் விருந்தோ, முழுப் பன்றியை ஓக் விறகுத் தணலில் வாட்டி இறக்குவது அவன்தான். கறியைக் கையால் உதிர்த்து, வினிகரும் மிளகாயும் தெளித்து வைத்தால் தட்டு காலியாகும்வரை ஆள் நகராது. "நேத்துக் கறியப் போடுறவன் கையில பொண்ணக் குடுக்காதீங்க" என்று சர்ச் வாசலில் நின்றே சொல்லியிருக்கிறான்.

அப்படிப்பட்டவன் ஒடெஸ்ஸாவை மணக்க ஆசைப்பட்டான். அவளும் துணையை இழந்தவள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. "எங்க அக்காமாரு வந்து பாக்கட்டும். அவங்க சரின்னா சரி, இல்லைன்னா இல்ல" என்று சொல்லிவிட்டாள். தாயில்லாத அவளை வளர்த்தவர்கள் அந்த மூன்று அக்காமார்தான். ஆற்றுக்கு அக்கரையில் இருந்தார்கள். சனிக்கிழமை வருவதாகப் பேச்சு. லெம்யூல் நல்ல பன்றியாகப் பார்த்து வாட்டினான். நாங்கள் கறியை உதிர்த்து முடித்த நேரத்தில் ஆற்றில் வெள்ளம் ஏறியதால் பாலத்தை மூடிவிட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் மறுநாள் வருவதாகத் தகவல் வந்தது.

ஆறிய கறியைத் தட்டுகளில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தோம். மறுநாள் காலை லெம்யூல் ஒரு தட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், இத எப்படி சூடு பண்றது?"

கேலி செய்கிறான் என்று நினைத்தேன். இல்லை. வாழ்நாளெல்லாம் பன்றி வாட்டியவன் கையில் கறி மிஞ்சியதே இல்லை. மிஞ்சாதவனுக்குச் சூடு பண்ணத் தெரிய வேண்டிய தேவை எங்கே வந்தது? எனக்கும் தெரியாது. ஓவனை முழுச் சூட்டில் வைத்து, தட்டை மூடாமல் உள்ளே தள்ளினான். வெளியே எடுத்தபோது கறி கயிற்றுப் பிரி மாதிரி இருந்தது. மேலே வினிகரை ஊற்றினான். நனைந்த கயிறானது.

அப்போதுதான் ஒடெஸ்ஸா உள்ளே வந்தாள். அக்காமாருக்கு முன்னால் மேசையை ஒழுங்குபடுத்த வந்தவள்.

"என்னய்யா, வீட்ல கயிறு திரிக்கிறீங்களா?"

லெம்யூல் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "ஒண்ணுமில்ல. சும்மா ருசி பாத்தோம்."

"பல்லு இருக்கவங்க பாக்கலாம். எங்க பெரியக்காவுக்குப் பாதி கட்டின பல்லு." அவள் ஃபிரிட்ஜைத் திறந்தாள். "உதிர்க்கும்போது வடிஞ்ச சாறு எங்க? கீழ ஊத்திட்டீங்களா?"

நான் பின்வரிசையிலிருந்து ஒரு ஜாடியை எடுத்துக் கொடுத்தேன். சாறு பழுப்புக் கூழாக உறைந்திருந்தது, மேலே வெள்ளையாகக் கொழுப்பு.

"அண்ணே, இந்த வீட்ல புத்தி உங்களுக்கு மட்டுந்தான் இருக்கு போல."

"கொட்ட மறந்துட்டேம்மா" என்றேன். அதுதான் உண்மை.

அவள் சிரித்தாள். மீதித் தட்டுகளில் கறியைத் தளர்த்திப் பரப்பி, இடையிடையே அந்தக் கூழைக் கரண்டியால் வைத்தாள். ஒரு தெளிப்பு வினிகர். மேலே அலுமினியத் தாள் இரண்டு மடிப்பு, ஆவி போகாதபடி ஓரமெல்லாம் அழுத்தி. ஓவனை மிகவும் தணித்து வைத்தாள்.

"நான் சொல்றவரைக்கும் தெறக்கக் கூடாது."

"ஒரே ஒரு தடவ பாத்துக்கிறேனே?"

"உங்க குழியடுப்பு மூடிய யாராவது தெறந்தா என்ன திட்டு திட்டுவீங்க?"

"அது என் அடுப்பு. இந்தக் கரண்டு அடுப்ப நம்ப முடியல."

"அடுப்பையா, என்னையா?"

அவன் நாற்காலியை இழுத்து ஓவனுக்கு எதிரே போட்டான். மூவரும் சமையலறையில் உட்கார்ந்தோம். என் அக்கா இருந்த வீடு அது. மெதுவாகப் புகைவாசனை எழுந்து அறையை நிரப்பிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு ஒடெஸ்ஸாவைப் பிடித்திருக்கும் என்று நினைத்தேன்.

அக்காமார் சர்ச்சுக்குப் போட்ட தொப்பிகளோடு வந்து இறங்கினார்கள். பெரியவள் ஹெஸ்டர் குள்ளம். கண் மட்டும் கூர்மை. ஒடெஸ்ஸா தாளைக் கிழித்ததும் ஆவி கூரைக்குப் போனது. கறி பளபளவென்று, தொட்டால் பிரிகிற பதத்தில் இருந்தது. ஒரு கிளறு கிளறிப் பரிமாறினாள்.

ஹெஸ்டர் நிதானமாகச் சாப்பிட்டாள். இரண்டாம் முறை கேட்டு வாங்கி, பாதியில் நிறுத்தி, நிமிர்ந்தாள்.

"நல்லாருக்கு தம்பி. இன்னைக்கு எறக்கினதா?"

ஆமென்று தலையை ஆட்டினால் போதும். லெம்யூல் ஒடெஸ்ஸாவைப் பார்த்தான். அவள் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா" என்றான். "நேத்து எறக்கினது. பதமா சூடு பண்ணது உங்க தங்கச்சி. நான் பண்ணத நாய்க்கு வச்சிருக்கேன். அதுவும் யோசிக்குது."

"நேத்துக் கறியப் போடுறவன் கையில பொண்ணக் குடுக்காதேன்னு ஒருத்தன் சொன்னதா ஆத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சே?"

"அவன் ஒரு வாய்க்கொழுப்பு புடிச்சவன்க்கா."

நடு அக்காவுக்குப் புரையேறியது. சின்ன அக்கா சிரித்தபடியே அவள் முதுகில் தட்டினாள். ஹெஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"நாங்க வர வேண்டியது நேத்து. இன்னைக்கு எறக்கினதுன்னு நீ சொல்லியிருந்தா, நேத்துப் பன்னி எங்கன்னு கேட்டிருப்பேன். கேட்டுட்டுத் தங்கச்சியக் கூட்டிட்டுப் போயிருப்பேன்." தட்டை நீட்டினாள். "இன்னுங் கொஞ்சம் போடு. ஓரத்துக் கருகலாப் பாத்து."

"பெரியக்கா சரின்னுட்டா!" என்று சின்ன அக்கா கத்தினாள்.

"என்னை யாரும் கேக்கலியே" என்றாள் ஒடெஸ்ஸா.

லெம்யூல் எழுந்து நின்று கேட்டான். கையில் கொழுப்பு வடியும் பரிமாறும் கரண்டி.

"மொதல்ல கரண்டியக் கீழ வைங்க" என்றாள். அவன் வைத்ததும், "சரி" என்றாள்.

அந்த இலையுதிர் காலத்திலேயே அவர்கள் கல்யாணம் நடந்தது. ஹெஸ்டர் சில வருடங்கள் கழித்துத் தூக்கத்தில் இறந்தாள். மற்ற இரண்டு அக்காமாரும் அக்கரையில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். லெம்யூலுக்கு முழங்கால் போய்விட்டது. முழுப் பன்றியை விட்டுவிட்டுத் தோள்கறி மட்டும் வாட்டுகிறான். ஒடெஸ்ஸா பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். நான் தனியாகத்தான் இருக்கிறேன்; ஞாயிறுதோறும் அவர்கள் வீட்டில் சாப்பிடுகிறேன்.